உங்கள் த்ரில்லர் திரைக்கதை எங்கே தொய்கிறது? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், போடி வட்டாரத்தில் குறும்படம் எடுக்கத் துடிக்கும் இளைஞர்கள் படிக்கக் கொடுக்கும் திரைக்கதைகளில் பெரும்பாலானவை த்ரில்லர்கள். இதில் வியப்பில்லை. மலைப்பாதை, காடு, எல்லைச் சோதனைச்சாவடி, இருட்டும் நேரத்தில் ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கும் ஜீப்புகள் என்று கதைக்கு வேண்டியதெல்லாம் வாசலிலேயே கிடக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத் த்ரில்லர்களை சப்டைட்டில் இல்லாமலே புரிந்துகொண்டு பார்க்கிற ஊர்கள் இவை.

ஆனால் கொலை நடக்கிறது, துரத்துகிறார்கள், தப்புகிறார்கள், படிக்கிறவருக்கோ நெஞ்சு படபடப்பதில்லை. இதற்குப் பத்துக் காரணம் சொல்லலாம். நான் கண்டவரை முதல் காரணம் ஒன்றுதான்: எழுதியவர் பார்ப்பவரிடம் அளவுக்கு மீறி மறைக்கிறார். எதைச் சொன்னால் கதை கெட்டுவிடும் என்று பயப்படுகிறாரோ, பல நேரம் அதைச் சொன்னால்தான் கதை எழுந்து உட்காரும்.

எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். கேரளத்து அணக்கரைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு முடிந்து, பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் குமுளி வழியாகக் கூடலூருக்கு இறங்குகிறது. ஓட்டுநரின் மைத்துனன் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் காவலுக்கு இருப்பவன். உலர்த்திய ஏலக்காய் மூட்டை ஒன்றைத் திருடி, மச்சானுக்குத் தெரியாமல் பின் இருக்கைக்கு அடியில் செருகிவிட்டான். ஜீப் குமுளி எல்லையைத் தாண்டியாக வேண்டும். கதை இவ்வளவுதான்.

அறிகுறி 1: பார்ப்பவர் பத்தாவது நிமிடத்திலேயே போனை எடுத்துவிடுகிறார்

இந்தக் கதையைப் புதிதாக எழுதுகிறவர் பெரும்பாலும் மூட்டையை மறைத்துவிடுவார். பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள், ஜீப் சோதனைச்சாவடியில் நிற்கும், காவலர் இருக்கையைத் தூக்குவார், மூட்டை! ஓட்டுநர் முகத்தில் அதிர்ச்சி, பின்னணி இசையில் ஒரு அடி. எழுதியவருக்கு அது பெரிய திருப்பம். பார்ப்பவருக்கோ அதுவரை ஓடிய பத்து நிமிடமும் வெறும் பயணம். எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால், பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் தெரிந்திருந்தால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடப் பதற்றமாகிவிடும். சினிமா பேசுகிற எல்லோரும் இந்த உதாரணத்தைச் சொல்வார்கள். எழுதும்போது கடைப்பிடிப்பவர்கள் குறைவு.

சரிசெய்யும் வழி: மைத்துனன் மூட்டையைச் செருகுவதை முதல் காட்சியிலேயே காட்டிவிடுங்கள். பிறகு அதே பயணம், அதே சிரிப்பு, அதே பேச்சு, ஒரு வரியும் மாற்ற வேண்டாம். ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்தால் அவள் குதிகால் மூட்டையில் படுகிறது. இன்னொருத்தி தூக்குவாளியை வைக்க இருக்கைக்கு அடியில் இடம் தேடுகிறாள். நேற்று வரை வெட்ட வேண்டியதாக இருந்த காட்சி இப்போது தானாக ஓடும்.

இதைச் சோதிக்க ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: பார்ப்பவருக்குத் தெரிந்தது, நாயகனுக்குத் தெரிந்தது, எதிராளிக்குத் தெரிந்தது. காட்சிக்குக் காட்சி நிரப்புங்கள். மூன்று பத்தியிலும் ஒரே விஷயம் இருக்கும் காட்சியில் பதற்றம் இருக்காது. பார்ப்பவர் பத்தி தொடர்ந்து நான்கைந்து காட்சிகளுக்குக் காலியாக இருந்தால், போன் கைக்குப் போவது அங்கேதான். இந்தத் தாளைப் போடாமல் யாரும் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

அறிகுறி 2: ஆபத்து என்னவென்று பார்ப்பவருக்குத் தெரியும், ஆனாலும் பயம் வரவில்லை

மூட்டையைக் காட்டிவிட்டீர்கள், அப்படியும் அசையவில்லை என்றால் மூன்று இடங்களைத் தட்டிப் பாருங்கள்.

முதலில் இழப்பு. மூட்டை பிடிபட்டால் யாருக்கு என்ன போகும்? ஓட்டுநர் சிறைக்குப் போவார் என்பது பொதுவான பதில், அது போதாது. ஜீப்பின் கடன் தவணை இன்னும் முடியவில்லை, வண்டியைப் பிடித்துவைத்தால் நாளை காலை இந்தப் பெண்களுக்கு வேலைக்குப் போக வண்டி இல்லை, ஒரு நாள் கூலி போனால் அவர்களில் ஒருத்திக்குக் குழுக் கடன் நிற்கும் என்று இழப்பைக் கையால் தொடுகிற அளவுக்கு அருகில் கொண்டுவாருங்கள். உலகம் அழியும் என்பதைவிட ஒரு ஜீப் போகும் என்பது அதிகம் பதறவைக்கும்.

அடுத்தது நேரம். 1952இல் பிரெட் சின்னமான் எடுத்த ‘ஹை நூன்’ படத்தில் கொலைகாரன் நண்பகல் ரயிலில் வருகிறான். கதையில் ஓடும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே, சுவர்க் கடிகாரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் கதைக்குக் கடிகாரம் தேவையில்லை. தோட்டத்தில் மாலை எடைபோடும்போது ஸ்டோர் கணக்கில் ஒரு மூட்டை குறைவது தெரியவருகிறது, மேலாளர் குமுளிக்குப் போன் போட முயல்கிறார், லைன் கிடைக்கவில்லை. அது கிடைப்பதற்குள் ஜீப் எல்லையைத் தாண்டவேண்டும். கெடு வைத்தால் மட்டும் போதாது, நடுவில் அதைச் சுருக்கவும் வேண்டும். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று நேரத்தைத் தின்றால்தான் கெடு கடிக்கத் தொடங்கும்.

மூன்றாவது, காட்சி நடக்கும் இடம். பயம் வர வேண்டிய இடத்தைப் பார்ப்பவர் முன்பே பார்த்திருக்க வேண்டும். காலையில் இதே ஜீப் ஏறிப்போகும்போது சோதனைச்சாவடியைக் காட்டுங்கள்: தடுப்புக் கம்பி, நிழலுக்குப் போட்ட நாற்காலி, ஓட்டுநரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையசைக்கும் காவலர். மாலையில் அதே இடத்தில் அறிமுகமில்லாத வேறொருவர் நிற்கிறார். வசனமே வேண்டாம். காலைக் காட்சி இல்லாவிட்டால் மாலைக் காட்சிக்கு அர்த்தமும் இல்லை.

அறிகுறி 3: இடைவேளைக்குப் பிறகு படம் படுத்துவிடுகிறது

நம் ஊர்ப் படத்துக்கே உரிய நோய் இது. ஹாலிவுட் திரைக்கதைப் பாடங்களில் மருந்து தேடினால் கிடைக்காது, அங்கே நடுவில் விளக்கைப் போட்டுப் பப்ஸ் விற்பதில்லை. நாமோ பார்ப்பவரை ஏற்றிய சூட்டோடு வெளியே அனுப்பி, ஆறிப்போய்த் திரும்பி வந்தவரை மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான திரைக்கதைகளில் இடைவேளைக் காட்சி ஒரு பதிலாக இருக்கிறது: கொலைகாரன் முகம் தெரிகிறது, மூட்டை கிடைக்கிறது. பதில் கிடைத்தவர் திரும்பி வந்து எதற்கு உட்கார வேண்டும்? இடைவேளையில் பழைய கேள்வி முடிந்து, அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பிறந்தாக வேண்டும்.

இதற்கு நமக்கு மிக அருகில் இருக்கும் பாடம் ஜீத்து ஜோசப்பின் ‘த்ரிஷ்யம்’ (2013). கதை நடப்பது இடுக்கி மாவட்டத்து ராஜாக்காட்டில். 2015இல் ‘பாபநாசம்’ என்று தமிழில் வந்ததையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆகவே கதையைத் திறந்தே பேசுகிறேன். கொலை இடைவேளைக்கு முன்பே நடந்துவிடுகிறது. யார் செய்தது, ஏன் செய்தது, எப்படி மறைத்தார்கள் என்று ஏறக்குறைய எல்லாமே நமக்குத் தெரியும். அதனால் ‘யார்?’ என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. இரண்டாம் பாதி முழுவதும் ‘இந்தப் பொய் நிற்குமா?’ என்ற ஒரே கேள்வியில் ஓடுகிறது. அந்த இரண்டு நாளும் தாங்கள் வெளியூரில் இருந்ததாக ஒரு கதையைக் குடும்பம் சொல்லிச் சொல்லிப் பழகுவதை நாம் பார்த்திருக்கிறோம். விசாரணையில் சின்னப் பெண்ணிடம் கேள்வி வரும்போது நம் தொண்டை காய்வதற்கு அதுதான் காரணம்: சரியான பதில் நமக்கும் மனப்பாடம், அவள் தடுமாறுவாளோ என்று நாம்தான் தவிக்கிறோம்.

அந்தப் படம் நம்மிடம் மறைப்பது முக்கியமான ஒன்றே ஒன்றை: உடல் எங்கே. அதைக் கடைசிக் காட்சி வரை கையில் மூடி வைத்திருக்கிறார்கள். மற்றதையெல்லாம் தாராளமாகத் தந்துவிட்டதால், ஒன்றை மறைத்தது நமக்கு உறுத்தவே இல்லை. முதல் பாதி மெதுவாகப் போகிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த மெதுவில் ஒரு நிமிடம்கூட வீணாகத் தோன்றவில்லை. நாயகனின் கேபிள் தொழில், சினிமாப் பைத்தியம், டீக்கடைப் பேச்சு என்று அங்கே வருவதெல்லாம் பின்னால் ஏதோ ஒரு விதத்தில் வேலைக்கு வருகின்றன.

நம் ஜீப்புக்கு வருவோம். இடைவேளையில் மூட்டை காவலரிடம் சிக்கினால் கதை அங்கேயே முடிந்தது. பெண்களில் மூத்தவளான கங்காணி அம்மா மூட்டையைக் கண்டுகொள்கிறாள், ஓட்டுநரே திருடிவிட்டார் என்று நினைக்கிறாள், யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். மாட்டுவார்களா என்ற கேள்வியோடு, அவள் காட்டிக்கொடுப்பாளா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

அறிகுறி 4: திருப்பம் வரும்போது கைதட்டல் இல்லை, “இது ஏமாற்று” என்கிறார்கள்

மறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கே.ஜி. ஜார்ஜின் ‘யவனிகா’ (1982) மறைத்துவைத்தே நடத்திய கதை. நாடகக் குழுவின் தபலாக் கலைஞர் காணாமல் போகிறார், குழுவில் ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்குமூலமும் அந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்பதை நமக்குக் கொடுத்துக்கொண்டே போகிறது. ஒன்றை மறைக்கும்போதே வேறொன்றை நம் மடியில் வைக்கிறார்கள். அப்படி எதுவும் தராமல் கடைசியில் ஒரு புது ஆளை இழுத்துவந்து கொலைகாரன் என்று நிறுத்தினால் கோபம் வரத்தான் செய்யும்.

திருப்பத்தை முன்பே விதைக்க வேண்டும், விதைத்தது தெரியவும் கூடாது. இதற்கு நான் நம்புகிற ஒரே வழி, விதைக்கும் காட்சிக்கு வேறொரு வேலை கொடுப்பது.

கங்காணி அம்மா மூட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? வாசனையால். காய் எடுத்து இறங்கும் பெண்களின் சேலை, கை, கூடை எல்லாமே ஏலம் மணக்கும். அதனால்தான் மைத்துனன் தைரியமாக மூட்டையை வைத்தான், காவலருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பச்சைக் காயின் மணம் வேறு, ஸ்டோரில் சூடேற்றி உலர்த்திய காயின் மணம் வேறு. பல வருடம் ஸ்டோரில் தரம் பிரித்த கைக்கு அது தெரியும்.

இதைக் கடைசியில் அவள் வாயால் விளக்கினால் கைதட்டல் கிடைக்காது. காலைக் காட்சியில் புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பெண்ணை அவள் சீண்டட்டும்: “பச்சைக்கும் காய்ந்ததற்கும் மணம் பிரிக்கத் தெரியாதவளை எந்த ஸ்டோரில் சேர்ப்பார்கள்?” என்று கேட்கிறாள், வண்டியே சிரிக்கிறது. பார்ப்பவர் அதை ஒரு கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார். மாலையில் ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது மூட்டை நசுங்குகிறது. பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்துகிறாள். மூக்கு லேசாக விரிகிறது. பார்வை கீழே போய், உடனே வெளியே திரும்புகிறது. ஒரே குளோசப். திரையில் காட்டவே முடியாத வாசனையைப் பார்ப்பவர் அந்த முகத்தில் படித்துவிடுவார்.

பிறகு சோதனைச்சாவடி.

“என்ன சேச்சி, வண்டியே இப்படி மணக்கிறது?”

“பகல் முழுக்கக் காயோடுதானே சார் கிடக்கிறோம். எங்கள் வீட்டுச் சோறே ஏலம்தான் மணக்கும்.”

அவள் சொல்வது உண்மை. அதே உண்மையை வைத்துத்தான் அவள் பொய்யும் சொல்கிறாள். ஓட்டுநருக்கு இது எதுவும் புரியவில்லை, சிரிக்கிறார். மூன்று பத்தித் தாளில் இப்போது மூன்றும் வெவ்வேறாக நிற்கின்றன.

அறிகுறி 5: “ஒரு போன் செய்திருந்தால் கதை முடிந்திருக்குமே?”

இந்தக் கேள்வி ஒருவர் வாயிலிருந்து வந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள். ஆட்கள் முட்டாள்களாக நடந்தால்தான் உங்கள் கதை நகரும் என்று அதற்குப் பொருள். மலைப்பாதையில் சிக்னல் அறுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம், ஆனால் அதைத் தேவைப்படும் நிமிடத்தில் மட்டும் நினைவுகூர்ந்தால் நம்ப மாட்டார்கள். காலையிலேயே ஒருத்தி மகனோடு பேசும்போது லைன் அறுந்து, “வளைவு தாண்டட்டும்” என்று போனை முந்தானையில் முடியட்டும்.

எதிராளியின் வேலையையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லைச் சாவடியில் விற்பனை வரி அதிகாரி வண்டியை மறித்து ரசீது கேட்பதுபோலக் காட்சி வைத்த திரைக்கதைகள் இன்னும் வருகின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது நிறுத்துவது காவல்துறை, கலால், வனத்துறை என்றால், ஒவ்வொருவரும் தேடுவது வேறு. கஞ்சா, சாராயம் தேடுகிற கலால் காவலர் கண்ணில் ஏலக்காய் மூட்டை பட்டால் என்ன செய்வார்? எளிதில் யூகிக்க முடியாத அந்த இடத்தில் நல்ல காட்சி ஒன்று காத்திருக்கிறது. விவரம் பிழையானால் கூடலூரில் பார்க்கிற ஓட்டுநர்கள் முதல் வரிசையிலேயே சிரித்துவிடுவார்கள்.

அறிகுறி 6: இசை அலறுகிறது, பார்ப்பவர் அசையவில்லை

இசையைக் கழற்றிவிட்டுக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். தானாக நிற்கவில்லை என்றால் எழுத்தில்தான் கோளாறு, அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். நின்றால், இசை எதற்கு என்று யோசியுங்கள். கோயன் சகோதரர்களின் ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ (2007) பின்னணி இசையே ஏறக்குறைய இல்லாமல் பதறவைத்த படம். 1954இல் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் தந்ததும், பாட்டு வந்தால் விசாரணையின் பிடி தளரும் என்ற பிரச்சினைக்கு அந்தக் காலத்திலேயே கிடைத்த துணிச்சலான பதில்.

மலைப்பாதையில் ஒலிக்குப் பஞ்சமே இல்லை. கியர் இறங்கும் முனகல், வளைவுக்கு முன் அடிக்கும் ஹாரன், எதிரே கண்ணுக்குத் தெரியாத வண்டியின் பதில் ஹாரன். சாவடியில் ஓட்டுநர் என்ஜினை அணைக்கும்போது அதுவரை இருந்த ஓசை மொத்தமும் நிற்கும். அந்த இடத்தில் வயலினைக் கொண்டுவந்து நிரப்பாதீர்கள்.

அறிகுறி 7: துரத்தலில் யார் எங்கே இருக்கிறார் என்று புரியவில்லை

வழக்கமான விதி எல்லோருக்கும் தெரியும்: இடமிருந்து வலமாக ஓடுகிறவன் அடுத்த ஷாட்டிலும் இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இந்த விதி கைகொடுக்காது, ஒவ்வொரு வளைவிலும் வண்டி தானாகவே திசை மாறிவிடும். எனவே திசையை விட்டுவிட்டு உயரத்தைப் பிடியுங்கள். துரத்துகிறவர் மேலே, தப்புகிறவர் கீழே என்பதை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெரிய நீர்க்குழாய்கள் போல அசையாத அடையாளம் ஒன்றை மூன்று நான்கு முறை ஃபிரேமுக்குள் கொண்டுவந்தால், எவ்வளவு இறங்கிவிட்டார்கள் என்பது சொல்லாமலே புரியும்.

இன்னொன்று: செங்குத்துப் பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. தப்பி இறங்குகிறவர் நின்றே ஆக வேண்டிய இடம் கையில் இருக்கும்போது, வேறு தடை எதையும் செயற்கையாகக் கொண்டுவரத் தேவையில்லை.

அறிகுறி 8: முடிந்த பிறகும் படம் ஓடுகிறது

ஜீப் எல்லையைத் தாண்டிவிட்டது. இனி மைத்துனன் திருடியது எப்படி, கங்காணி அம்மா ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று யாராவது உட்கார்ந்து விளக்கினால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். விளக்கம் தேவைப்படுகிறது என்றால் முன்னால் எங்கோ விதைக்காமல் விட்டிருக்கிறீர்கள். அந்த இடத்துக்குப் போய் விதைத்துவிட்டு, கடைசிப் பக்கங்களை வெட்டுங்கள். நம் கதையில் கடைசிக்குத் தேவையானது ஒன்றே: கூடலூரில் எல்லோரும் இறங்கியபின் கங்காணி அம்மா ஓட்டுநரிடம், “நாளையிலிருந்து நாங்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம், தம்பி” என்கிறாள். ஓட்டுநருக்குக் காரணம் புரியவில்லை. மூட்டையை எடுக்க வந்த மைத்துனன் இருக்கைக்கு அடியில் கையை விடுவதற்குள், அடுத்த ஷாட்டுக்குப் போகாமல், படத்தை நிறுத்திவிடுங்கள்.